புது பிரேக்குக்கு ஒரே கால்

ஆகஸ்ட் 3, வியாழன்

கட்டுச்சோற்றுக்கு நாள் குறித்தாகிவிட்டது. செப்டம்பர் மூன்று, ஞாயிற்றுக்கிழமை. சம்பந்தி வீட்டிலிருந்து காலையில் போன் வந்தது. பொள்ளாச்சியிலிருந்து வகைவகையாகச் சோறு கட்டிக்கொண்டு வால்பாறைக்கு ஏறி, மகள் நித்திலாவுக்கு வளையல் போட்டு, விருந்தை முடித்து, தலைப்பிரசவத்துக்கு அவளைக் கையோடு இறக்கிக்கொண்டு வரவேண்டும். நாற்பது கொண்டை ஊசி வளைவு. வயிற்றுப் பிள்ளைக்காரி.

"வாடகை வண்டி சொல்லிக்கலாமுங்களா?" என்றாள் என் மனைவி பூங்கோதை.

"என்ற வண்டி பின்ன எதுக்கு வாசல்ல நிக்குது? கோலத்துக்குக் காவலுக்கா?" என்றேன். என் மகளை நான் கூட்டிவராமல் எவனோ ஒரு டிரைவர் கூட்டிவருவதா?

சாயங்காலம் வளையல் வாங்கக் கடைவீதிக்குப் போனோம். திரும்பும்போது இடப்பக்கச் சந்திலிருந்து ஓர் இளநீர் வண்டி எந்த அறிவிப்பும் இல்லாமல் முளைத்தது. மிதித்தேன். பெடல் காலுக்கடியில் கிடுகிடுவென்று துடித்ததே தவிர வண்டி நிற்கவில்லை. நின்றபோது இரண்டு இளநீர் தார்ரோட்டில் உருண்டுகொண்டிருந்தன. இளநீர்க்காரர் என் பரம்பரையை வரிசையாக விசாரித்தார். கீழே விழுந்த இரண்டையும் நாங்களே வாங்கிக் குடித்தோம். நல்ல தண்ணீர்.

நூல் மில்லில் தரக்கட்டுப்பாட்டில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த அறுந்த நூலுக்கும் ஒரு காரணம் உண்டு என்று சொல்லிச் சம்பளம் வாங்கியவன். ஷிப்ட் ரிப்போர்ட் எழுதிய கையால் இதையும் எழுதி வைக்கிறேன்: பிரேக் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 4, வெள்ளி

ஆறுச்சாமியின் பட்டறைக்குப் போனோம். எங்கள் வண்டியை வாங்கிய நாளிலிருந்து அதைப் பழுது பார்ப்பவர். முன் சக்கரங்களைக் கழற்றியதும் உச்சுக்கொட்டினார்.

"அண்ணா, டிஸ்க்கு ஓரத்துல வரப்பு கட்டி நிக்குது பாருங்க. அதக் கவ்விப் பிடிக்கற பேடும் வெத்தலையாட்டம் ஆயிப்போச்சு."

பூங்கோதை குனிந்து வட்டின் மேல் நகத்தை ஓட்டினாள். "மாட்டுதுங்க. கோடு கோடா இருக்குது."

"லேத்துல குடுத்துச் சீவிக்கலாமா?" என்றேன். செலவு என்றால் எனக்குக் கொஞ்சம் மூச்சு முட்டும்.

"சீவறதுக்குச் சதை இல்லீங்கண்ணா. இதுக்கும் கீழ தேஞ்சா ஆகாதுன்னு கம்பெனிக்காரனே டிஸ்க்குல நம்பர் அடிச்சிருக்கறான். அதையும் தாண்டியாச்சு. மலை ஏறி எறங்கறதுன்னா டிஸ்க்கு, பேடு ரெண்டும் புதுசு போட்டுருங்க."

"நான் சொன்னனா இல்லியா?" என்று பூங்கோதையைப் பார்த்தேன். பணம் போகப்போகிறது, எனக்கோ வாயெல்லாம் பல். பழுது வண்டியில்தான் என்று ஒருவர் சாட்சி சொல்லிவிட்டார் அல்லவா?

ஆகஸ்ட் 6, ஞாயிறு

மழை. சமையல்கட்டு வாசல் நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டேன். அந்த ஆசாரி வைத்த நிலை என்றைக்குமே கோணல்தான்.

ஆகஸ்ட் 7, திங்கள்

மாப்பிள்ளையின் தம்பி தருண் போன் செய்தான். இன்டர்நெட்டில் ஒரு டிஸ்க் இருக்கிறதாம். முகம் முழுக்க ஓட்டையும் வெட்டுமாக, ரேஸ் வண்டியில் போடுவதாம். தன் வண்டிக்கு அதைத்தான் போட்டிருக்கிறானாம். படமும் அனுப்பினான். பார்க்க ஜோராகத்தான் இருந்தது.

பூங்கோதையிடம் காட்டினேன். "இட்லித் தட்டாட்டம் இருக்குது. நம்ம என்ன ரேசுக்கா போறோம்? சம்பந்தியூட்டுக்குத்தான போறோம்" என்று சொல்லிவிட்டு மாவாட்டப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 9, புதன்

கோயம்புத்தூருக்குப் பேருந்தில் போய் வந்தோம். "இந்த பிரேக்க வெச்சுட்டு அவ்வளவு தூரம் வேண்டாமுங்க" என்றாள். நியாயம்தான்.

கடைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு மேசைமேல் பெட்டிகளை அடுக்கினார். கார்க் கம்பெனி பெயரிலேயே வருவது ஒன்று. அந்த விலைக்கு ஒரு கன்றுக்குட்டி வாங்கலாம். அதே அளவில் வேறு கம்பெனி செய்வது ஒன்று. விலை பாதியைவிடக் கொஞ்சம் மேல். பெயரே சரியாகப் படிக்க முடியாத பெட்டி ஒன்று. விலை அவ்வளவு சல்லிசு என்று கேட்டதும் சந்தேகம் வந்தது. நான் என் வேலையைத் தொடங்கினேன். ஒவ்வொரு வட்டையும் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்து, விளிம்பைத் தடவி, உள்ளே காற்றுப் போகும் இடுக்குகளை எண்ணாத குறையாகப் பார்த்து, அச்சடித்த எழுத்தைப் பெட்டியோடு ஒப்பிட்டு. நூலில் கலப்படம் பார்த்த கண் அல்லவா.

பூங்கோதை எந்தப் பெட்டியையும் தொடவில்லை. "ஏனுங்க தம்பி, உங்குளுது எந்தக் காரு?" என்று கடைக்காரரைக் கேட்டாள்.

அவர் சொன்னார். கிட்டத்தட்ட எங்கள் வண்டி மாதிரியேதான்.

"அதுல என்ன டிஸ்க்குப் போட்டிருக்கறீங்க?"

கடைக்காரர் ஒரு நொடி திகைத்துப்போய் அப்புறம் சிரித்தார். மேசைமேல் இருந்த மூன்று பெட்டியில் இரண்டை ஓரமாகத் தள்ளிவிட்டு நடுவில் இருந்ததை முன்னால் நகர்த்தினார். "இதுதானுங்க அக்கா. ஓட்டை, வெட்டு ஒண்ணும் இல்லாத சாதா டிஸ்க்கு. நம்ம ரோட்டுக்கு இதுவே தாராளம்."

"பேடு?"

"ஊருக்குள்ள மட்டும் ஓட்டறதுன்னா இந்தச் சல்லிசு போதும். மலையின்னா சூட்டுக்குத் தாங்காது. கல்லாட்டம் கெட்டியாவும் இருக்கக்கூடாது, டிஸ்க்கைத் தின்னுபோடும். நான் வால்பாறை போறப்ப இதத்தான் போடறேன்" என்று உள்ளேயிருந்து வேறொன்றை எடுத்து வந்தார்.

"ரெண்டு பக்கத்துக்கும் ஒரே பெட்டியில இருந்து குடுங்க. ஒரு காலுக்குப் புதுசு, ஒரு காலுக்குப் பழசுன்னு யாரு செருப்புப் போடுவாங்க?" என்றவள், பில் போடும்போது பேடு விலையில் ஒரு வெட்டு வெட்டினாள். அதுவரை பட்டியல் விலையே வேதம் என்று பேசியவர் அவள் சொன்னபடியே குறைத்துப் போட்டார்.

நான் முக்கால் மணி நேரம் தடவித் தடவிக் கண்டுபிடிக்காததை இவள் ஒரு கேள்வியில் வாங்கிவிட்டாள். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு தூங்கிப்போனவளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கெட்டிக்காரி. சொன்னால் தலைமேல் ஏறிக்கொள்வாள் என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 11, வெள்ளி

புது டிஸ்க் மாட்டியாகிவிட்டது. என்ன அழகு! வெள்ளித் தாம்பாளம் தோற்றது. ஆறுச்சாமி அதை பெட்ரோல் துணியால் ஒற்றித் துடைத்து, "கை படாதீங்கண்ணா" என்று சொல்லிவிட்டு டீக்குப் போனார்.

கை படக்கூடாதுதான். ஆனால் வெறும் நெற்றியாக எந்தப் புதுப் பொருளையும் நான் உபயோகித்ததில்லை. ஆயுத பூஜைக்கு மில்லில் ஒவ்வொரு மெஷினுக்கும் நான்தான் பொட்டு வைப்பேன். சட்டைப் பையில் சந்தனமும் குங்குமமும் கொண்டுதான் போயிருந்தேன். மகள் இறங்கிவரப்போகிற வண்டி. இரண்டு வட்டுக்கும் மூன்று விரலால் தாராளமாக இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, கண்ணை மூடி மாசாணியம்மனை நினைத்துக்கொண்டேன். ஆறுச்சாமியின் ஆள் வந்து சக்கரத்தை மாட்டிவிட்டான்.

டீ குடித்து வந்த ஆறுச்சாமி சொன்னார்: "எடுத்ததும் குத்திப் பிடிக்காதீங்க. ஆளில்லாத ரோட்டுல மெதுவா வேகம் எடுத்து, மெதுவாக் கொறைக்கோணும். நிறையத் தடவை. அப்பத்தான் பேடும் டிஸ்க்கும் ஒண்ணோட ஒண்ணு படியும். புதுசாக் கல்யாணம் ஆனவங்களாட்டம், சித்த நாள் ஆகும்."

பூங்கோதை சிரித்தாள். "எங்குளுக்கு முப்பத்தி மூணு வருசம் ஆச்சுங்க. இன்னும் படியோணும்" என்றாள்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

இதை எழுத இஷ்டமில்லை. எழுதாமல் விட்டால் ரிப்போர்ட் ஆகாது.

பிரேக்கைப் படியவைக்க ஆனைமலை ரோட்டில் போனோம். மிதித்தால் கீச்சென்று சத்தம். வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. பரவாயில்லை, புதுசு என்று நினைத்தேன். தென்னந்தோப்பு முடிகிற இடம். ரோடு காலியாக இருந்தது. "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று பூங்கோதை கத்தி என் தொடையில் அடித்தாள். மிதித்தேன். நின்றது.

வண்டியின் மூக்குக்கு இடப்பக்கம், ஒரு முழம் இருக்கும், ஓர் ஆடு. ஆட்டுக் கயிற்றைப் பிடித்தபடி ஒருத்தி. இடுப்பில் குழந்தை. அவள் திட்டவில்லை. குழந்தையை இறுக்கிக்கொண்டு எங்களையே பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"பிரேக் சரியில்லை" என்றேன்.

பூங்கோதை இறங்கிப்போய் அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டு ஏதோ பேசிவிட்டு வந்தாள். வீடு வரும்வரை மிக மெதுவாக ஓட்டினேன்.

ஆகஸ்ட் 14, திங்கள்

கண்டுபிடித்தாயிற்று! ஆறுச்சாமி சக்கரத்தைக் கழற்றினார். வட்டில் சந்தனம் வெந்து பழுப்பாகக் கட்டியிருந்தது. பேடில் குங்குமச் சிவப்பு.

"அண்ணா... இதென்ன, சாமிக்கு வெக்கறத டிஸ்க்குக்கு வெச்சிருக்கறீங்க?"

பட்டறையே சிரித்தது. ஒரு லாரி டிரைவர் வந்து எட்டிப்பார்த்து, "விபூதியும் போட்டிருந்தா நின்னிருக்குமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறுச்சாமி உப்புத்தாள் தேய்த்து, துடைத்து, பேடின் முகத்தைச் சுரண்டி மறுபடி மாட்டினார்.

அவமானம்தான். ஆனாலும் மனசு லேசாகிவிட்டது. சந்தனம்தான் காரணம். ஆடு தப்பியது, நானும் தப்பினேன். வரும் வழியெல்லாம் நானே என்னைக் கிண்டல் பண்ணிக்கொண்டு வந்தேன்.

பூங்கோதை மட்டும் சிரிக்கவில்லை. "சந்தனம் இருந்தா நிக்க நேரமாவுமுங்க. ஆனா நான் கத்தற வரைக்கும் நீங்க மிதிக்கவே இல்லியே" என்றாள், மிக மெதுவாக.

காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 17, வியாழன்

இவளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. நேற்றுக் காலை காப்பியை என் இடது கைப்பக்கம் வைத்தாளாம்; நான் தட்டிவிட்டேன். மத்தியானம் மோரை இடப்பக்கம் வைத்தாள், அதையும். இரவு தண்ணீரை வலப்பக்கம் வைத்தாள், எடுத்துக் குடித்தேன். இன்று காலை மறுபடி இடப்பக்கம். தரையெல்லாம் காப்பி.

"வைக்கிறதச் சொல்லிட்டு வையி" என்று எரிந்து விழுந்தேன்.

துணி எடுத்துவந்து துடைத்தவள், துடைத்து முடித்த பிறகும் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். கண் கலங்கியிருந்தது. ஒரு டம்ளர் காப்பிக்கு யாராவது அழுவார்களா?

ஆகஸ்ட் 18, வெள்ளி

வண்டிச் சாவி ஆணியில் இல்லை. அவள் முந்தானையில் இருந்தது.

"ஆறுச்சாமியப் பாத்தனுங்க. புது பேடு படியற வரைக்கும் ஒரே காலுதான் மிதிக்கோணுமாமா. கால் மாத்தி மாத்தி மிதிச்சா ஒழுங்காப் படியாதாமா. உங்க காலு கனம். என்ற காலு லேசு. மலைக்குப் போயி வர்ற வரைக்கும் நானே ஓட்டறனுங்க."

யோசித்துப் பார்த்தேன். மில்லில்கூடப் புது மெஷினை முதல் மாதம் ஒரே ஆள்தான் ஓட்டவேண்டும் என்போம். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. நித்திலா கல்லூரியில் படிக்கும்போது தாயும் மகளும் சேர்ந்துபோய் லைசென்ஸ் எடுத்தார்கள். நான்தான் கியர் பாக்ஸ் பாவம் என்று சொல்லி சாவியைக் கொடுத்ததில்லை.

"சரி. பேடுக்காக" என்றேன்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

ஆழியாறு வரை ஓட்டினாள். பக்கத்தில் நான்.

உள்ளதைச் சொல்லவேண்டும். பிரமாதமாக ஓட்டுகிறாள். முன்னால் ஒரு பேருந்து நிற்கப்போகிறது என்பதை அது விளக்குப் போடும் முன்பே தெரிந்து காலை எடுக்கிறாள். குத்துவதில்லை, துவளுவதில்லை. ஆறுச்சாமி சொன்னபடி வேகம் எடுத்துக் குறைத்து, எடுத்துக் குறைத்து. மடியில் ஒரு தட்டு நிறையக் கடுகு வைத்திருந்தால் சிந்தியிருக்காது. கீச்சுச் சத்தம் போய்விட்டது.

"எங்க கத்துக்கிட்டே?"

"எங்கப்பனோட டிராக்டர்லதானுங்க. மட்டை உரிக்காத தேங்கா லோடு ஏத்திட்டு வாய்க்கால் மேட்டுல எறங்கோணும். பிரேக்க நம்புனா ட்ரெய்லர் நம்மளத் தள்ளிப்போடும். கியர்ல எறக்கோணும். பிரேக்கு கடைசிக்குத்தான்."

இது எனக்குத் தெரியும். பெண் பார்க்கப் போனபோதே சொன்னார்கள். டிராக்டர் ஓட்டுகிற பெண் என்று என் சித்தப்பா கேலி செய்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். இன்றைக்குத்தான் அவள் ஓட்டிப் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 23, புதன்

மளிகைக்கு, கோயிலுக்கு, கரண்ட் ஆபீசுக்கு. மூன்று இடத்துக்கும் அவளே ஓட்டினாள். ரோடு பார்க்காமல் ஊரைப் பார்ப்பதும் ஒரு சுகம்தான்.

ஆகஸ்ட் 26, சனி

வைப்பர் ரப்பர் வாங்க நடந்தே ஆறுச்சாமி பட்டறைக்குப் போனேன். பேச்சுவாக்கில், "அந்த ஒரே கால் சமாசாரம் இன்னும் எத்தன நாளைக்கு?" என்றேன்.

"என்ன சமாசாரமுங்கண்ணா?"

"பேடு படியற வரைக்கும் ஒரே ஆளுதான் மிதிக்கோணும்னு சொன்னீங்களாமே."

ஆறுச்சாமி ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அப்பிடியெல்லாம் ஒண்ணும் இல்லீங்களே. யாரு மிதிச்சா என்ன? பேடுக்குக் காலு தெரியுமா? அக்கா இங்க வந்து..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "இருக்குமுங்க. சில பேடு அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தேன். பூங்கோதை பின்கட்டில் இருந்தாள். சாவி சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. எடுத்துப்போய் வண்டியில் உட்கார்ந்தேன். கிளப்பவில்லை. எதிரே எங்கள் காம்பவுண்டு கேட். இடப்பக்கத் தூண், அதை ஒட்டிச் செம்பருத்தி, அதற்கும் இப்பால் துணி காயும் கொடி.

பழுது பேடில் இல்லையென்றால் மிச்சம் நான்தான்; அவள் இடமும் வலமும் மாற்றி வைத்த டம்ளர்கள் நினைவுக்கு வந்தன. வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு நேரே பார்த்தேன்.

கேட் இருந்தது. தூண் இல்லை. செம்பருத்தி இல்லை. கொடியில் என் வேட்டி காய்ந்துகொண்டிருந்ததே, அதுவும் இல்லை. இருட்டாக இருந்தால்கூடச் சரி. இருட்டும் இல்லை. அங்கே எதுவுமே இல்லை. கையை எடுத்தேன், எல்லாம் திரும்பி வந்தது. மறுபடி பொத்தினேன். போய்விட்டது.

இளநீர் வண்டி. நிலை. ஆடு. காப்பி. குழந்தை. எல்லாம் இடப்பக்கம்.

பயந்தேன். என் வாழ்நாளில் இவ்வளவு பயந்ததில்லை. நாற்பது வளைவில் நித்திலாவைப் பின்னால் உட்காரவைத்து நான் ஓட்டியிருப்பேன். நிச்சயமாக ஓட்டியிருப்பேன். பிரேக்தான் புதுசாயிற்றே என்று.

சாவியை இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனேன். அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கெழமை கண்ணாஸ்பத்திரிக்குப் போயிட்டு வரலாமா?"

நிமிர்ந்து பார்க்கவில்லை. "டோக்கன் போட்டு வெச்சிருக்கறனுங்க" என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்து நானும் கொஞ்சம் அவரைக்காய் உரித்தேன். சந்தனம் வைத்தவனைப் பார்த்து ஊரே சிரித்தபோது சிரிக்காத ஒரே ஆள் இவள். என் கண்ணைச் சோதித்தாள், தெரிந்துகொண்டாள், அழுதாள். அதற்கப்புறம் என்னிடமிருந்து சாவியை வாங்க, எனக்கு வலிக்காத ஒரு பொய்யைத் தேடி, பழியைப் பேடின் மேல் போட்டிருக்கிறாள். பொருள்மேல் பழிபோட்டால் நான் ஒத்துக்கொள்வேன் என்று அவளுக்குத் தெரியும். இப்படி ஒரு பெரிய மனசை நான் யாரிடமும் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் அது என் இடப்பக்கம் இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 28, திங்கள்

டாக்டரம்மா சின்ன வயசு. பொறுமையாகச் சொன்னார். கண்ணுக்குள் நீரழுத்தம். வலி இருக்காது, சத்தம் இருக்காது, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வையைத் தின்னும். இடது கண்ணில் பாதிக்கு மேல் போய்விட்டது. வலது கண்ணில் இப்போதுதான் ஆரம்பம்.

"போனது திரும்பாதுங்க. இருக்கறதக் காப்பாத்தலாம். தினமும் தவறாம மருந்து விடணும். கார் ஓட்ட வேண்டாம்."

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தோம். "நித்திலாவுக்கு இப்பச் சொல்ல வேண்டாம். கொழந்தை பொறக்கட்டும்" என்றேன்.

"சரிங்க."

"ஏன் அப்பா ஓட்டலைன்னு கேட்டா?"

"பேடு படியோணும்னு சொல்லிக்கலாம்" என்றாள். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

செப்டம்பர் 2, சனி

வீடு முழுக்கப் புளிச்சோறு வாசம். நாளைக்கு விடியற்காலையில் எலுமிச்சை, தேங்காய், தக்காளி, தயிர். என் பங்குக்கு வாழையிலை கட்டினேன். டயரில் காற்றுப் பார்த்துவந்தோம். பிரேக்குக்குச் சந்தனம் வைக்கவில்லை.

செப்டம்பர் 3, ஞாயிறு

ஏறும்போது கதை ஒன்றும் இல்லை. இடப்பக்கச் சீட்டில் நான். பள்ளம் என் இடப்பக்கம் வந்தபோதெல்லாம் எனக்குத் தெரியவே இல்லை. பயப்படுகிறவனுக்கு ஒரு வகையில் வசதிதான்.

விருந்து நிறைவாக நடந்தது. நித்திலாவின் கன்னத்திலும் கையிலும் ஒவ்வொருத்தராகச் சந்தனம் பூசி வளையல் அடுக்கினார்கள். வயிறும் வளையலுமாக அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க இரண்டு கண் போதாது. எனக்கு ஒன்றரைதான். நிறையப் பார்த்துக்கொண்டேன்.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். பின்சீட்டில் நித்திலா, தலையணை வைத்து, மடியில் மிச்சச் சந்தனமும் குங்குமமும் இருந்த கிண்ணத்தோடு. அவள் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு தருண் தன் வண்டியில் முன்னால் போனான். பூங்கோதை டிரைவர் சீட்டில் ஏறியதும் சம்பந்தி கூட்டமே வாசலுக்கு வந்துவிட்டது.

"அம்மாவா ஓட்டறாங்க?" என்றாள் நித்திலா. குரலில் கொஞ்சம் கிலி.

"வரும்போதும் அவதான் ஓட்டுனா" என்றேன்.

நாற்பதாவது வளைவு என்று மஞ்சள் பலகை; இறங்க இறங்க எண் குறையும். அதைத் தாண்டியதும் மேகம் ரோட்டில் இறங்கிவிட்டது. முன்னால் வெள்ளைச் சுவர். பூங்கோதை விளக்கைத் தாழ்த்திப் போட்டு இரண்டாவது கியருக்கு வந்தாள். வளைவுக்கு முன்னாலேயே ஹாரன், ஏறுகிற வண்டிக்கு ஒதுங்கி வழி, அப்புறம் மெல்ல ஒரு திருப்பு. இஞ்சின் உறுமிக்கொண்டே வண்டியை ஓடவிடாமல் பிடித்துவைத்தது. கால் பிரேக்கைத் தொடுவதும் எடுப்பதும் எனக்குக் கேட்கக்கூட இல்லை.

இருபத்தாறோ இருபத்தைந்தோ, ஒரு வளைவில் மேகத்துக்குள்ளிருந்து ஒரு பேருந்து முழு ரோட்டையும் அடைத்துக்கொண்டு வந்தது. அவ்வளவு கிட்டத்தில். "அம்மா!" என்றாள் நித்திலா. என் கால் தானாக வெறும் தரையை மிதித்தது. பூங்கோதை மிதித்தாள். ஒரே மிதி. வண்டி இழுக்கவில்லை, துடிக்கவில்லை, கத்தவில்லை. பிடித்த இடத்தில் நின்றது. நித்திலாவின் மடியிலிருந்த கிண்ணம் அசைந்தது, விழவில்லை. பேருந்து டிரைவர் எங்களைப் பார்த்தார், ஓட்டுகிற ஆளைப் பார்த்தார், கையை உயர்த்தி ஒரு சலாம் வைத்துவிட்டு வளைந்து போனார்.

"நல்ல டிஸ்க்குங்க" என்றாள் பூங்கோதை. நெற்றி வியர்த்திருந்தது.

டிஸ்க் நல்ல டிஸ்க்தான். சல்லிசாகக் கிடைத்ததும் உண்மைதான். ஆனால் ஒரு வட்டு இரும்பா அந்த இடத்தில் வண்டியை நிறுத்தியது?

ஒன்பதாவது வளைவில் மேகம் விலகி, கீழே ஆழியாறு அணை பளிச்சென்று தெரிந்தது. தருணின் வண்டி ஓரமாக நின்றது. முன் சக்கரத்தில் லேசான புகை; கருகிய வாசனை. மலை முழுக்க பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கியிருக்கிறான்.

"ரேஸ் டிஸ்க்குங்க மாமா, இப்பிடி ஆகக்கூடாதே" என்றான் பரிதாபமாக.

"டிஸ்க்குல தப்பில்ல தம்பி. சித்த ஆறவிட்டு ரெண்டாவது கியர்ல வா" என்றாள் பூங்கோதை, அவன் தோளில் தட்டி. நான் குனிந்து எங்கள் சக்கரத்தருகே கை வைத்துப் பார்த்தேன். இட்லிப் பானையை இறக்கி வைத்துக் கொஞ்ச நேரம் ஆன மாதிரி வெதுவெதுப்பு. அவ்வளவுதான்.

மறுபடி வண்டியில் ஏறினோம். பூங்கோதை கிளப்பும் முன், நித்திலா முன்னால் சாய்ந்து என் தோளைத் தொட்டாள்.

"அப்பா, நீங்க ஏன் ஓட்டலை? சாவியவே குடுக்க மாட்டீங்களே."

கண்ணாடியில் பூங்கோதையின் கண் என்னைப் பார்த்தது. பொய் தயாராக இருந்தது. எனக்காக அவள் செய்து வைத்த பொய். அதை எடுக்கத்தான் வாயைத் திறந்தேன்.

"எனக்கு இடது கண்ணு ஓரத்துல தெரியறதில்ல, கண்ணு. போனது வராது. இருக்கறதுக்கு மருந்து விடறோம். நீ பயப்படாத. நான் ஓட்டியிருந்தா பயப்பட்டிருக்கோணும். உங்கம்மா எனக்கு முன்னாடியே கண்டுபிடிச்சு, எனக்கே தெரியாம சாவிய வாங்கிட்டா."

நித்திலா என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வளையலெல்லாம் என் காதருகே குலுங்கின.

"அந்தச் சந்தனத்தக் குடு" என்றேன்.

கிண்ணத்தை வாங்கி, மூன்று விரலில் எடுத்து, குனிந்து, பூங்கோதையின் வலது பாதத்தில் தாராளமாக இழுத்தேன். நடுவில் குங்குமம்.

"ஐயோ, ஏனுங்க! என்ன பண்றீங்க? கூசுது! பிள்ளை பாக்குது, என்ற காலத் தொட்டுட்டு..." என்று காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். முகம் சிவந்துவிட்டது. அப்புறம் முந்தானையால் உள்ளங்காலை மட்டும் அழுத்தித் துடைத்துக்கொண்டு, மேலே வைத்த பொட்டை அப்படியே விட்டாள்.

"பெடல் வழுக்குமுங்க. ஆறுச்சாமிக்குத் தெரிஞ்சா உங்கள பட்டறைப்பக்கமே சேத்தமாட்டாரு."

சொல்லிவிட்டு இரண்டாவது கியரில் வண்டியை எடுத்தாள். இன்னும் ஒன்பது வளைவு இருந்தது. நான் சாய்ந்து உட்கார்ந்து அணையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.